நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சு டிரெயின் குழாயில் வெள்ளை நீர்: என்ன சமைப்பது, எவ்வளவு நாள் பொறுப்பது?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு 68 வயது. வலது நுரையீரலின் மேல் பகுதியில் கட்டி இருந்ததால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள், கூடவே நெஞ்சின் நடுவில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்து மெல்ல நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். உள்ளே சேரும் நீரை வெளியேற்ற நெஞ்சில் போட்டிருந்த டிரெயின் குழாயில் முதலில் இளஞ்சிவப்பாகத்தான் வந்தது, அளவும் குறைந்துகொண்டே போனது, சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வயிறாரச் சாப்பிட்ட அன்று சாயங்காலம் பாட்டிலில் இறங்கியது பால் நிறத்தில் இருந்தது. சிஸ்டர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர் பட்டையில் பேனாவால் கோடு போட்டு மணியும் எழுதிவிட்டுப் போவார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் நீர் அந்தக் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை ஏறியிருந்தது.

நீரை லேபுக்கு அனுப்பினார்கள், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 4.1 என்று வந்தது. இது கைலோதோராக்ஸ், சாப்பாட்டுக் கொழுப்பைச் சுமந்துபோகும் நிணநீர்க் குழாயில் எங்கோ கசிகிறது, கொழுப்பில்லாத சாப்பாடு கொடுத்துப் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். இப்போது ஒரு நாளைக்கு 700, 800 மில்லி வருகிறது. ரவுண்டு வரும்போது டாக்டர்கள் இரண்டு நிமிஷம்தான் நிற்கிறார்கள், கேட்க நினைத்தது பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. வார்டு கிச்சனிலிருந்து மார்ஜரின் தடவிய பிரெட்டும் ஃபுல் கிரீம் பாலும்தான் வருகின்றன. சொன்னால் அடுத்த வேளை மாறுகிறது, அதற்கடுத்த வேளை மறுபடி பழையபடி. அதனால் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவர அனுமதி வாங்கியிருக்கிறேன்.

எண்ணெயே இல்லாமல் என்ன சமைப்பது? இந்த வீட்டில் டாலானாலும் பீன்ஸ் கறியானாலும் எண்ணெயில் வெங்காயம் வதங்காமல் எதுவும் தொடங்காது. கொழுப்பை நிறுத்தினால் அந்தக் கசிவு தானாக மூடிக்கொள்ளுமா? மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்குமா, அதை எதை வைத்து முடிவு செய்வார்கள்? மாமா கண் முன்னால் இளைக்கிறார், கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பட்டவர்களும் விஷயம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்:

தங்கச்சி, நான் நெஞ்சு ஆபரேஷன் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். பெயரைக் கேட்டு மிரளாதே. சீக்கிரம் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது நல்லது. நுரையீரல் ஆபரேஷனில் நிணநீர் முடிச்சுகளைச் சுத்தமாக எடுக்கும்போது இந்தக் கசிவு நூற்றில் ஒருவர் இருவருக்கு வருவதுதான், முடிச்சுகளை ஒட்டியே அந்தக் குழாயும் அதன் கிளைகளும் போகின்றன. தொராசிக் டக்ட் என்பார்கள். வயிற்றுக்குள் முதுகெலும்பின் முன்னால் தொடங்கி, நெஞ்சில் வலது பக்கமாக ஏறி, பாதி வழியில் இடது பக்கம் தாண்டி, இடது கழுத்தடியில் பெரிய ரத்தக்குழாயில் போய்ச் சேரும். மெல்லிய குழாய், ஆளுக்கு ஆள் பாதை மாறும், பட்டினியாக இருக்கும் நோயாளியிடம் கண்ணுக்குத் தெரியாது. கை தவறிவிட்டது என்று யாரையும் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்.

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டரை லிட்டர் வரை அந்த வழியாக ஓடும். நாம் சாப்பிடும் கொழுப்பு குடலிலிருந்து நேரே ரத்தத்துக்குப் போவதில்லை, இந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது, வெள்ளை நிறம் அதனால்தான். ஆபரேஷன் முடிந்து பட்டினியாக இருந்தபோது நிறம் தெரியவில்லை, சாப்பிட்டதும் தெரிந்தது. நீரில் ட்ரைகிளிசரைடு 1.24 மில்லிமோலுக்கு மேல் போனால் கைல், அதாவது கொழுப்பு கலந்த நிணநீர், என்று எடுத்துக்கொள்வார்கள், உன் மாமாவுக்கு 4.1, சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்போது நன்றாகக் கேள். கொழுப்பை நிறுத்தியதும் நீரின் வெள்ளை போய், மஞ்சள் கலந்த தெளிந்த நிறத்துக்கு வரும். அதைப் பார்த்துவிட்டுக் கசிவு நின்றுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நிறம் போனதற்குக் காரணம் உள்ளே கொழுப்பு போகவில்லை என்பது மட்டுமே, குழாய் இன்னும் திறந்துதான் இருக்கலாம். அளவு குறைகிறதா என்று பார். தினமும் ஒரே நேரத்தில் 24 மணி நேர அளவை ஒரு நோட்டில் எழுது, அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதையும் பக்கத்திலேயே எழுது. அந்த நோட்டை ரவுண்டில் நீட்டினால் டாக்டர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பார், நான் பார்த்திருக்கிறேன்.

அவர் இளைப்பதற்குக் காரணம் சாப்பாடு குறைந்தது மட்டும் இல்லை. அந்தப் பாட்டிலில் புரதம் போகிறது, உப்புகள் போகின்றன, ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் போகின்றன, கிருமியோடு சண்டை போடும் லிம்ஃபோசைட் அணுக்கள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. அதனால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம், சோடியம், லிம்ஃபோசைட் எண்ணிக்கை, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேள். கால் வீங்குகிறதா பார். காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம். இருமல் சளியோடு பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்து, மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

டிரெயின் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும், பாத்ரூம் போகும்போதும்தான். குழாய் மடங்கவோ உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளவோ கூடாது. திடீரென்று ஒன்றுமே வரவில்லை, அதோடு மூச்சும் வாங்குகிறது என்றால் குணமாகிவிட்டது என்று நினைக்காதே, டிரெயின் குழாய் அடைத்திருக்கலாம், உடனே சிஸ்டரைக் கூப்பிடு.

தியேட்டர் விஷயம். 500 மில்லிக்குக் கீழே இறங்கி, தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் தானாக மூடும். தினமும் ஒரு லிட்டருக்கு மேல் போனால் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்கள். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. சில சர்ஜன்கள் ஒரு வாரத்திலேயே உள்ளே போவார்கள், சிலர் இரண்டு வாரம் பார்ப்பார்கள். உன் மாமா அந்த நடுவில்தான் இருக்கிறார். ஆகவே, "என்றைக்கு, எந்த அளவை வைத்து முடிவெடுப்பீர்கள்?" என்று நேராகக் கேள். பார்ப்போம் என்ற பதிலோடு திரும்பி வராதே.

டோங்காட் பெரியவர்:

மகளே, மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படி வந்தபோது எம்.சி.டி என்ற தனி வகை எண்ணெய் வாங்கச் சொன்னார்கள், விலையைக் கேட்டு அந்தக் குடும்பம் திகைத்துப்போனது. தேங்காய் எண்ணெயிலும் எம்.சி.டி இருக்கிறது என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நம் சமையலுக்குப் பழகிய எண்ணெய், அதையே இரண்டு ஸ்பூன் விட்டுத் தாளித்தால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மவுண்ட் எட்ஜ்கூம் கோயிலுக்கு இந்த வாரம் போகிறேன், உன் மாமனார் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன், நட்சத்திரம் மட்டும் தனியாக அனுப்பு.

மிட்ரண்ட் டயட்டீஷியன்:

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்டது ரொம்ப நல்லது, ஏனென்றால் நிறையப் பேர் கேட்காமலே ஊற்றிவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எம்.சி.டி என்பது எட்டு கார்பன், பத்து கார்பன் உள்ள சின்னக் கொழுப்பு, அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஏறிவிடும், நிணநீர்க் குழாய் பக்கம் ஏறக்குறைய போகாது. தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். பாதி லாரிக் அமிலம், பன்னிரண்டு கார்பன், அதில் பெரும்பகுதி நிணநீர் வழியாகத்தான் போகும். மிச்சமும் நீளக் கொழுப்புதான். பாட்டிலில் பொய் எழுதவில்லை, ஆனால் இந்த நோய்க்கு அந்தக் கணக்கு உதவாது. கடையில் எம்.சி.டி என்று வாங்கும்போதும் பின்பக்கம் சி8, சி10 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சி12 கலந்ததாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் தங்கைக்கு இப்போது. வழக்கமாக ஒரு நாளைக்கு மொத்தம் 10 கிராம் கொழுப்புக்குள் வைக்கப் பார்ப்போம். அது எவ்வளவு சின்ன அளவு என்று சமைக்கும்போதுதான் புரியும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 5 கிராம். ஒரு முட்டை மஞ்சள் கரு 5 கிராம். இங்கே தென்னாப்பிரிக்காவில் கடையில் லோ ஃபேட் என்று விற்கும் 2 சதவீதப் பாலில் ஒரு கிளாஸ் குடித்தாலே 5 கிராம் போய்விடும், ஆகவே லோ ஃபேட் என்ற எழுத்தை நம்பாமல் ஃபேட் ஃப்ரீ மட்டும் வாங்குங்கள். பாதி அவகாடோ சாப்பிட்டால் ஒரு நாள் கணக்கு தாண்டிவிடும். வேர்க்கடலை, தேங்காய்ப் பால், நெய், சீஸ், ரஸ்க், சமூசா, டின் பில்சர்ட் மீன், இவை எதுவும் கிட்டே வரக் கூடாது.

கொடுக்கக்கூடியவையும் நிறைய இருக்கின்றன, நம் சாப்பாட்டிலேயே. சோறு, மீலி மீல் பாப் என்ற மக்காச்சோளக் களி, உருளைக்கிழங்கு, பட்டர்நட் பூசணி, காய்கறி, பழம் எல்லாவற்றிலும் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். துவரம்பருப்பு, மைசூர்ப் பருப்பு, சுகர் பீன்ஸ் வேகவைத்தால் ஒரு கப்பில் ஒரு கிராம் போலத்தான். கொண்டைக்கடலையில் மட்டும் கொஞ்சம் கூட, கப்புக்கு 4 கிராம். மீன் சாப்பிடுபவர் என்றால் ஹேக் நல்லது, ஆவியில் வேகவைத்து எலுமிச்சை பிழியுங்கள். முட்டையின் வெள்ளைக் கரு தாராளமாக. பால் விடாத ரூய்போஸ் டீ எத்தனை கப் வேண்டுமானாலும்.

வெங்காயம் வதக்குவது பற்றிக் கேட்டீர்கள். அடி கனமான சட்டியைச் சூடாக்கி, வெங்காயத்தை உப்போடு போட்டு, ஒட்டும்போதெல்லாம் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துக் கிளறினால் நன்றாகப் பொன்னிறமாக வரும், நேரம்தான் கூட ஆகும். கடுகு, சீரகம், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து, டால் இறக்கும்போது தூவுங்கள். இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகு எம்.சி.டி எண்ணெயை மேலே விட்டுக் கலக்கலாம். அதைக் கொதிக்கும் சட்டியில் ஊற்றித் தாளிக்கக் கூடாது, சீக்கிரம் புகைந்துவிடும், கசக்கும். ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 115 கலோரி கிடைக்கும், இளைக்கிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் முதல் நாளே ஒரு ஸ்பூன் முழுதாகக் கொடுத்தால் வயிறு பிசைந்து பேதியாகும். ஒரு டீஸ்பூனில் தொடங்கி மூன்று வேளைக்கும் பிரித்து மெல்ல ஏற்றுங்கள். கல்லீரல் நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

இந்தச் சாப்பாடு மாதக் கணக்கில் நீளக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தாண்டினால் உடம்புக்கு அவசியமான சில கொழுப்பு அமிலங்கள் தீர ஆரம்பிக்கும், தோல் உலர்ந்து செதில் விடும். அந்தக் கட்டம் வந்தால் அளந்து ஏதாவது சேர்க்க வேண்டும், அதை நீங்களாகச் செய்யாதீர்கள். வார்டு டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்துக் கேளுங்கள், அவர் எழுதினால்தான் கிச்சன் தட்டும் மாறும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் எம்.சி.டி எண்ணெய்க்கு, ஏன் தேவை என்று விளக்கும் மோட்டிவேஷன் லெட்டர் ஒன்றை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேப் டவுன் அம்மா:

என் மகனுக்குப் பிறவி இதயக் கோளாறு, ஆபரேஷன் முடிந்த பிறகு இதே வெள்ளை நீர். குழந்தைகளுக்கு இதய ஆபரேஷனுக்குப் பிறகு இது வருவது அதிகம், குழாயில் அடிபட்டால் மட்டும் இல்லை, கழுத்துப் பக்கம் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறினாலோ அங்கே ரத்தம் உறைந்தாலோகூட வரும் என்று சொன்னார்கள், அதனால் முதலில் ஸ்கேனில் அதைப் பார்த்தார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், குழந்தை வைத்திருக்கும் யாராவது பிறகு இந்தப் பக்கத்தைத் தேடி வரலாம்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொன்ன அன்று நான் உடைந்துபோனேன். எம்.சி.டி கலந்த தனி ஃபார்முலா பவுடர் கொடுத்தார்கள். தாய்ப்பாலைச் சுழற்றி மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொடுக்கும் முறையும் சில இடங்களில் உண்டு, லேப் ஆட்கள் உதவ வேண்டும், கேட்டுப் பாருங்கள். பாலை மட்டும் பீய்ச்சி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டே இருங்கள், வரத்து நின்றுபோகக் கூடாது. கசிவு நின்ற பிறகும் எங்களை ஆறு வாரம் போல அதே ஃபார்முலாவில் வைத்திருந்தார்கள்.

அவனுக்கு அது மட்டும் போதவில்லை. வாய்வழி எல்லாவற்றையும் நிறுத்தி, கழுத்து லைன் வழியாக டி.பி.என், அதாவது நேரே ரத்தத்தில் ஏற்றும் சத்து நீர், ஏற்றினார்கள். அந்த வெள்ளைக் கொழுப்புப் பையைப் பார்த்து நான் பதறிக் கேட்டேன், இதுவும் கொழுப்புதானே என்று. ரத்தக்குழாய் வழியாக ஏறும் கொழுப்பு நேரே ரத்தத்தில் கலக்கிறது, குடலைத் தொடுவதில்லை, அதனால் அந்தக் குழாய்க்குள் வராது என்று ஒரு டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டினார். அப்புறம் ஆக்ட்ரியோடைட் ஊசி. அது குடலின் சுரப்பையும் நிணநீர் ஓட்டத்தையும் குறைக்கும். அவனுக்குக் கேட்டது. சர்க்கரை அளவை அடிக்கடி குத்திப் பார்த்தார்கள், அந்தச் சின்ன விரலில். இப்போது ஸ்கூல் போகிறான், வாய் ஓயாது.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி, எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. நோட் ஆரம்பித்தாயிற்று. அக்கா சொன்னபடியே நடந்தது, நீர் இப்போது தெளிந்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, ஆனால் அளவு 600க்குக் கீழே வரவே மாட்டேன் என்கிறது. ஆல்புமின் குறைந்திருக்கிறது. ரவுண்டில் நேராகக் கேட்டேன். ஆக்ட்ரியோடைட் ஊசி போட்டுப் பார்க்கிறோம், அடுத்த வாரம் நடுவில் 300க்குக் கீழே வரவில்லை என்றால் மறு ஆபரேஷன் பற்றிப் பேசுவோம் என்று சொன்னார். நாள் ஒன்று தெரிந்ததே மனசுக்குத் தெம்பாக இருக்கிறது. மாமாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு, இந்த ஊசி அதைக் கெடுக்குமா?

இன்னொரு சங்கடம். இது புரட்டாசி மாதம். மாமா சின்ன வயதிலிருந்து இந்த மாதம் முழுக்க மீன், முட்டை தொட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பரவாயில்லை என்று அத்தையே சொல்லியும் கேட்க மாட்டேன் என்கிறார். சனிக்கிழமை பூஜை முடித்துவிட்டுச் சொந்தக்காரர்கள் வடையும் தேங்காய்ப் பால் விட்ட பாயசமுமாக வந்துவிடுகிறார்கள், பிரசாதம் என்று சொல்லிக் கையில் கொடுக்கும்போது எப்படித் தடுப்பது? மீனும் முட்டையும் இல்லாமல் புரதத்துக்கு எங்கே போவது?

மிட்ரண்ட் டயட்டீஷியன்:

விரதத்தை விட வேண்டியதில்லை, அவர் மனசுக்கு அது பலமாக இருக்கும்போது நாம் ஏன் பிடுங்க வேண்டும். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் வாங்குங்கள், 100 கிராமில் 35 கிராம் போலப் புரதம், கொழுப்பு ஒரு கிராம்தான். அதை ஃபேட் ஃப்ரீ பாலிலேயே கரைத்துவிடலாம், கஞ்சியிலும் மசித்த உருளைக்கிழங்கிலும் கலக்கலாம், இரண்டு மடங்கு புரதம் போகும். ஃபேட் ஃப்ரீ காட்டேஜ் சீஸ், ஃபேட் ஃப்ரீ தயிர் இரண்டும் இங்கே எளிதாகக் கிடைக்கும். அமாசி என்ற புளித்த பால் பெரும்பாலும் ஃபுல் கிரீமில் செய்தது, லேபிள் பார்க்காமல் வாங்க வேண்டாம். சோயா மின்ஸ் இன்னொன்று, எண்ணெய் எடுத்த சோயாவில் செய்தது, பாதிக்குப் பாதி புரதம். ருசி சேர்த்த பாக்கெட்டுகளில் மட்டும் கொழுப்பு சேர்த்திருப்பார்கள், 100 கிராமுக்கு எவ்வளவு என்று பின்னால் பாருங்கள். டோஃபு சேராது, அதில் கொழுப்பு இருக்கிறது.

சர்க்கரை நோய் இருப்பதால் கொழுப்புக்குப் பதிலாக ஜெல்லியும் ஜூஸும் என்று நிரப்பிவிடாதீர்கள். பருப்பும் பீன்ஸும் முன்னால், சோறு அளவோடு.

பிரசாதத்துக்கு வாழைப்பழமும் துளசித் தீர்த்தமும் போதுமே. சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், கட்டிலருகில் நின்று தடுத்தால் எல்லோருக்கும் சங்கடம்.

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்:

ஊசி பற்றி: ஆக்ட்ரியோடைட் சர்க்கரையை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும், இன்சுலின் போடுகிறவர் என்றால் அளவை மாற்ற வேண்டி வரலாம். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மைக்ரோகிராம், தோலுக்கடியில், நாளைக்கு மூன்று முறை. வயிறு பிசையும், மலம் இளகும், நாடித்துடிப்பு குறையலாம். பலன் தருவதாக இருந்தால் சில நாளில் நோட்டில் தெரியும். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அதையே நம்பி நாளைத் தள்ளிப்போடக் கூடாது. மாமா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இதயத் துடிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் ஏதாவது இருந்தால் டாக்டருக்கு ஞாபகப்படுத்து, சில மருந்துகளும் அந்த நீரோடு வெளியே போய்விடும்.

லெனேசியா தம்பி:

அக்கா, ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டு உங்கள் வீட்டில் பயப்படுவார்கள், அதனால் எழுதுகிறேன். என் பெரியக்காவுக்கு உணவுக்குழாயில் புற்று, அதை எடுத்த பிறகு கசிவு. உணவுக்குழாய் ஆபரேஷனில் இது இன்னும் கொஞ்சம் அதிகம் வருமாம், குழாய் அதை ஒட்டியே போவதால். அவருக்கு ஒரு லிட்டருக்கு மேல் போனது, நிற்கவே இல்லை. கண்ணெதிரே சுருங்கினார். வீட்டில் பாதிப்பேர் இன்னொரு முறை நெஞ்சைத் திறந்தால் தாங்க மாட்டார் என்றார்கள். சர்ஜன் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை: இப்போது தாங்குவார், இன்னும் இரண்டு வாரம் புரதம் போன பிறகுதான் தாங்க மாட்டார்.

ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னால் வயிற்றுக் குழாய் வழியாகக் கிரீம் கொடுத்தார்கள். இத்தனை நாள் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கொடுக்காதே என்றவர்கள் கிரீமை ஊற்றுகிறார்களே என்று அம்மா அரண்டுவிட்டார். கசியும் இடம் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது. வலது பக்கம் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, உதரவிதானத்துக்குச் சற்று மேலே அந்தக் குழாயைச் சுற்றியுள்ள திசுவோடு சேர்த்துக் கட்டினார்கள். குழாயைக் கட்டினால் நிணநீர் எங்கே போகும் என்று கேட்டேன், சின்னச் சின்னக் கிளை வழிகள் நிறைய இருக்கின்றன, உடம்பு அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் என்றார்கள். இந்தக் கட்டும் முறையை லாம்ப்சன் என்ற சர்ஜன் 1948இல் எழுதினார். அதற்கு முன் இந்தக் கசிவு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லையாம். மறுநாள் பாட்டிலில் மிகக் கொஞ்சம்தான் இருந்தது.

கத்தி இல்லாத வழியும் உண்டு, நாங்கள் கேட்டோம், எங்களுக்கு அப்போது அமையவில்லை. தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சில் ஊசி வைத்து லிபியோடால் என்ற எண்ணெய் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், கசியும் இடம் தெரியும், சிலருக்கு அந்த மருந்தே கசிவை அடைத்துவிடும். அடைக்கவில்லை என்றால் வயிறு வழியாக மெல்லிய ஊசியை அந்தக் குழாய்க்குள்ளேயே கொண்டுபோய், சின்ன உலோகச் சுருளும் பசையும் வைத்து மூடுவார்கள். அமெரிக்காவில் கோப் என்ற ரேடியாலஜி டாக்டர் 1990களின் கடைசியில் கொண்டுவந்த முறை. இதற்குக் கை பழகிய ஆள் வேண்டும், எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்க மாட்டார்கள். குவாசுலு நட்டாலில் அரசு தரப்பில் பெரிய நெஞ்சு ஆபரேஷன்கள் கேட்டோ மேனரில் இருக்கும் ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்குத்தான் போகின்றன, ரெஃபரல் இல்லாமல் அங்கே எடுக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் டாக்டரிடம், இந்த வசதி எங்கே இருக்கிறது, தேவைப்பட்டால் இப்போதே பேசிவைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

தம்பி, இதை அப்படியே அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கிரீம் விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

ஊசி போட ஆரம்பித்த பிறகு 600லிருந்து 420, அப்புறம் 260. இன்று காலை 180. சர்க்கரை ஏறியது, இன்சுலினைக் கூட்டியிருக்கிறார்கள். வயிறு கொஞ்சம் இளகியிருக்கிறது. பால் பவுடர் கலந்த கஞ்சியை மாமா விரும்பிக் குடிக்கிறார், தண்ணீர் தெளித்து வதக்கிய வெங்காயத்தில் செய்த பீன்ஸ் கறியில் எண்ணெய் இல்லை என்று சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. பேசிய நாள் வந்தபோது 300க்குக் கீழே இருந்ததால் ஆபரேஷன் பேச்சைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், ஆனால் லிபியோடால் பற்றி வேறு ஆஸ்பத்திரியில் விசாரித்து வைத்திருக்கிறார் டாக்டர். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவராகச் சொன்னார்.

ஒரே ஒரு கேள்வி. டிரெயினை எப்போது எடுப்பார்கள், எடுத்த பிறகு வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்:

நல்ல சேதி சொன்னாய் தங்கச்சி. அவசரப்பட்டுக் குழாயை எடுக்க மாட்டார்கள். அளவு இன்னும் நன்றாக இறங்கிய பிறகு வேண்டுமென்றே கொழுப்புள்ள சாப்பாடு ஒன்று கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஃபுல் கிரீம் பாலோ ஐஸ்கிரீமோ கொடுப்பார்கள், மாமாவுக்கு அன்று விருந்துதான். ஒரு நாள் பொறுத்து நீர் வெள்ளையாகாமலும் அளவு ஏறாமலும் இருந்தால் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எடுப்பார்கள். வெள்ளையானால் மறுபடி பழைய சாப்பாடு, அடுத்த வழி. அப்படி நேர்ந்தால் மனசு விட்டுவிடாதே, அதற்காகத்தான் குழாய் இருக்கும்போதே பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் கொழுப்பு குறைவாகவே இருக்கட்டும், எத்தனை வாரம் என்று டிஸ்சார்ஜ் பேப்பரில் எழுதி வாங்கு. மூச்சு வாங்குவது கூடினால், படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினால், காய்ச்சல் வந்தால், குழாய் இருந்த இடத்தில் நீர் கசிந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இருக்காதே, கேஷுவல்டிக்கு அழைத்துக்கொண்டு போ. போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொள், அங்கே டியூட்டியில் இருப்பவருக்கு மாமாவைத் தெரிந்திருக்காது.